பழைய காரில் ஹீட்டட் சீட் சூடாகவில்லையா? கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழு வழிகாட்டி

ஹீட்டட் சீட் வேலை செய்யவில்லை என்றதும் பலரும் நேராக சீட் உறையைப் பிரிக்கத்தான் கிளம்புகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. ஃபியூஸ், சுவிட்ச், சீட்டுக்கு அடியில் தொங்கும் கனெக்டர், எர்த் வயர் (மின்சாரம் காரின் இரும்பு உடலுக்குத் திரும்பும் வயர்) என்று உறைக்கு வெளியிலேயே கெட்டுப்போக எத்தனையோ இடம் இருக்கிறது. ஒரு மல்டிமீட்டரும் (வோல்ட், ஓம் அளக்கும் கருவி) ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பும் இருந்தால், சீட்டில் ஒரு தையல்கூடப் பிரிக்காமல் கோளாறு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். உறையை எப்போது பிரிப்பது என்பதை அதற்கு அப்புறம் முடிவு செய்துகொள்ளலாம்.

உள்ளே இருப்பது என்ன

உறைக்கும் ஃபோமுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பாய் இருக்கும். அதில் மின்தடைக் கம்பி வளைந்து வளைந்து தைக்கப்பட்டிருக்கும். சில கார்களில் கம்பிக்குப் பதில் கார்பன் இழை. உட்காரும் பகுதிக்கு ஒரு பாய், முதுகுக்கு ஒரு பாய். 1966-இல் காடிலாக் இதைக் கூடுதல் வசதியாக விற்ற காலத்திலிருந்து அடிப்படை மாறவே இல்லை. மின்சாரம் பாய்ந்தால் கம்பி சூடாகும். போதுமான சூடு வந்ததும் ஏதோ ஒன்று அதை நிறுத்தும்.

அந்த ‘ஏதோ ஒன்று’ காருக்குக் கார் வேறுபடும். மிகப் பழைய கார்களில் பாயோடு சேர்த்தே ஒரு சின்ன பைமெட்டல் தெர்மோஸ்டாட் இருக்கும். குளிரில் மூடியிருக்கும், சூடு ஏறியதும் திறந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். பிறகு வந்த கார்களில் தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற இதன் தடை குறையும். அதைப் பார்த்து ஒரு கண்ட்ரோல் மாட்யூல் மின்சாரத்தைக் கூட்டும், குறைக்கும். உங்கள் காரில் எது இருக்கிறது, பாய்கள் எப்படி இணைக்கப்பட்டிருக்கின்றன என்பதெல்லாம் வயரிங் படத்தில் இருக்கும். வேலையைத் தொடங்கும் முன் அந்த மாடலுக்கான படத்தைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபியூஸ் எண், வயர் நிறம், கனெக்டரின் பின் எண் எல்லாம் அதிலேயே கிடைக்கும்.

பழைய கார்கள் பலவற்றில் குஷன் பாயும் முதுகுப் பாயும் தொடர் இணைப்பில் இருக்கும். சீரியல் லைட்டில் ஒரு பல்பு போனால் மொத்த வரிசையும் அணைவது போல, குஷனில் கம்பி அறுந்தால் முதுகும் குளிர்ந்துவிடும். ‘இரண்டுமே போய்விட்டது, இரண்டு பாயும் வாங்க வேண்டும்’ என்று அவசரப்படாதீர்கள்.

கணக்கு ஒன்று தெரிந்திருந்தால் மீட்டர் காட்டுவது புரியும். ஒரு சீட்டின் மொத்தத் தடை 2.5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி 12.6 வோல்ட்டில் இருக்கும்போது சுமார் 5 ஆம்ப் பாயும், 63 வாட் சூடு கிடைக்கும். எஞ்சின் ஓடி 14 வோல்ட் வந்தால் 5.6 ஆம்ப், 78 வாட். தடை இவ்வளவு குறைவாக இருப்பதால், வழியில் எங்காவது துரு பிடித்து அரை ஓம் கூடினாலே சூட்டில் பெரிய பங்கு போய்விடும். அந்தச் சூடு வீணாவதில்லை, கனெக்டரை உருக்கும்.

முதலில் அறிகுறி

எஞ்சினை ஓடவிட்டு சுவிட்சைப் போடுங்கள். இக்னிஷனை மட்டும் போட்டுச் சோதிப்பது போதாது. எஞ்சின் ஓடினால்தான் சீட்டுக்கு மின்சாரம் தரும் கார்கள் உண்டு. பேட்டரி பலவீனமாக இருந்தால் மாட்யூலே சீட்டை நிறுத்திவிடும் கார்களும் உண்டு. ஐந்து நிமிடமாவது விடுங்கள். என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்.

இரண்டு முன் சீட்டும் ஒரே நாளில் நின்றுவிட்டதா? ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), பொதுவான எர்த், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. இரண்டு பாயும் ஒரே நேரத்தில் அறுவது மிக அபூர்வம். ஒரு சீட் மட்டும் என்றால் அந்தச் சீட்டின் சுவிட்சிலிருந்து பாய் வரை தேட வேண்டும். சுவிட்ச் விளக்கு எரிந்து சில நொடிகளில் தானே அணைகிறதா? அது பெரும்பாலும் மாட்யூலின் புகார்: பாய் அறுந்திருக்கிறது, அல்லது ஷார்ட், அல்லது தெர்மிஸ்டர் போய்விட்டது. விளக்கு நன்றாக எரிந்துகொண்டே இருக்கிறது, சூடு மட்டும் இல்லை என்றால் சுவிட்சுக்குப் பிந்தைய பாதையைப் பாருங்கள். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும்போது வந்து வந்து போகிறது என்றால், சீட்டோடு சேர்ந்து அசையும் வயரோ கனெக்டரோதான்.

ஒரு அறிகுறியை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. ஒரே இடத்தில் சுரீரென்று சுடுகிறது, கருகிய வாசனை வருகிறது, உறையில் பழுப்புப் புள்ளி தெரிகிறது என்றால் அந்தச் சீட்டின் ஃபியூஸை அப்போதே பிடுங்கி வைத்துவிடுங்கள். பல இழைகள் பக்கம் பக்கமாக ஓடும் பாயில் சில இழைகள் அறுந்தால், அந்த இடத்தில் மிச்சமிருக்கும் இழைகள் முழு மின்சாரத்தையும் சுமக்கும். அங்கே மட்டும் சூடு எகிறும். சீட் ஃபோம் எரியக்கூடிய பொருள் என்பதை நினைவில் வையுங்கள்.

ஏர்பேக் இருக்கும் சீட்டா?

இதைத் தாண்டிப் போகாதீர்கள். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று எழுதிய சின்ன வில்லை இருந்தாலோ, சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தாலோ, அது வெடிமருந்தோடு இணைந்த சர்க்யூட். அதில் மல்டிமீட்டரை ஒருபோதும் வைக்கக் கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு மின்சாரமே ஆபத்து.

சீட்டைக் கழற்றவோ மஞ்சள் கனெக்டரைப் பிரிக்கவோ வேண்டியிருந்தால், இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, உங்கள் காரின் சர்வீஸ் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். ஏர்பேக் கன்ட்ரோலில் உள்ள மின்தேக்கி காலியாக அந்த நேரம் தேவை. திரும்ப எல்லாவற்றையும் பூட்டும் வரை இக்னிஷனைத் தொடாதீர்கள். தொட்டால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்கேனர் வைத்து அழிக்கும் வரை போகாது.

இங்கே நடைமுறையில் இரண்டு விஷயம். மின்மோட்டாரில் நகரும் சீட் என்றால், பேட்டரியைக் கழற்றும் முன்பே சீட்டை நகர்த்தி போல்ட்டுகளுக்கு வழி செய்துகொள்ளுங்கள். முன்பக்க போல்ட்டைக் கழற்ற சீட் பின்னே போக வேண்டும், பின்பக்க போல்ட்டுக்கு முன்னே வர வேண்டும். அடுத்து, அந்தக் காலத்து ரேடியோக்கள் சில, பேட்டரி கழன்றால் ரகசியக் குறியீடு கேட்கும். அது எங்கே எழுதியிருக்கிறது என்று முதலிலேயே தேடி வையுங்கள்.

ஃபியூஸ், ரிலே, சுவிட்ச்

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். பிடுங்கி மீட்டரில் தொடர்ச்சி (ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மின்சாரம் பாய்கிறதா என்று) பாருங்கள். போயிருந்தால் அதே ஆம்ப் உள்ள ஃபியூஸை மட்டும் போடுங்கள். புதியதும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. பெரிய ஃபியூஸ் போட்டால் ‘சரியாகிவிடும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்போது ஃபியூஸுக்குப் பதில் சீட் எரியும்.

ரிலே இருந்தால், ஃபியூஸ் பெட்டியில் அதே எண்ணுள்ள இன்னொரு ரிலேயோடு இடம் மாற்றிப் பார்ப்பது விரைவான வழி. சுவிட்சுகள் பானமும் தூசியும் விழும் இடத்திலேயே உட்கார்ந்திருப்பவை. இரண்டு சீட்டுக்கும் ஒரே மாதிரி சுவிட்ச் என்றால் அவற்றையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறு சுவிட்சோடு சேர்ந்து அடுத்த சீட்டுக்குப் போனால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பலமுறை அழுத்தினால் பல சுவிட்சுகள் பிழைத்துக்கொள்ளும்.

சீட்டுக்கு அடியில்: லோடோடு அளப்பது

இங்கேதான் பொறுமை வேண்டும். டார்ச்சை அடித்து ஹீட்டர் கனெக்டரைப் பாருங்கள். பச்சைப் பூப்பு, பழுப்பேறிய பிளாஸ்டிக், உருகிச் சாய்ந்த ஓரம், சீட் தண்டவாளத்தில் சிக்கி நசுங்கிய வயர் எதுவாக இருந்தாலும் அதைச் சரிசெய்யாமல் மேலே போக வேண்டாம். தரைவிரிப்புக்கு அடியில் கை வைத்து ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரமிருந்தால், கனெக்டரை எத்தனை தடவை சுத்தம் செய்தாலும் பூப்பு திரும்ப வரும்.

அடுத்து வோல்ட் அளவு. கனெக்டரைப் பிரித்து, கார் பக்கத்து முனையில் மீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டுகிறது. ‘சப்ளை சரி, பாய்தான் போச்சு’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த 12 வோல்ட்டை நம்ப முடியாது. வயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 காட்டும், ஏனென்றால் மீட்டர் கிட்டத்தட்ட மின்சாரமே இழுப்பதில்லை. அதே முனைகளில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை இணையுங்கள். அது ஏறக்குறைய 1.75 ஆம்ப் இழுக்கும். பல்பு பளிச்சென்று எரிந்து, வோல்ட்டும் அதிகம் இறங்காமல் நின்றால் சப்ளை உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. பல்பு மினுக்கென்று எரிந்து மீட்டர் 4, 5 வோல்ட்டுக்கு விழுந்தால் பாய் நிரபராதி.

மாட்யூல் உள்ள கார்களில் ஒரு சிக்கல். கனெக்டரைப் பிரித்தால் தெர்மிஸ்டரும் சேர்ந்து கழன்று, மாட்யூல் மின்சாரமே தராது. ஏர்பேக் வயரும் ஹீட்டர் வயரும் ஒரே பெரிய கனெக்டரில் போகும் சீட்டுகளும் உண்டு. அதை இக்னிஷன் போட்டுக்கொண்டு பிரிக்கவே கூடாது. இந்த இரண்டு சூழலிலும் கனெக்டரைப் பூட்டியபடியே, வயர் உள்ளே நுழையும் பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊசி முனையை ஹீட்டர் வயர்களின் இடத்தில் மட்டும் செருகி அளக்க வேண்டும். சுவிட்ச் முழு அளவில் இருக்கட்டும். குறைந்த அளவில் மாட்யூல் மின்சாரத்தை விட்டு விட்டுத் தருவதால் மீட்டர் 6, 7 என்று குழப்பும்.

இப்படி அளக்கும்போது பாயின் இரு முனைகளுக்கும் நடுவே முழு வோல்ட் இருந்தும் சீட் ஜில்லென்று இருக்கிறதா? பாய் அறுந்திருக்கிறது. வோல்ட் குறைவா? வழியில் எங்கோ தடை. சுத்தமாகவே இல்லையா? ஒன்று மின்சாரம் வரவில்லை, அல்லது எர்த் துண்டித்திருக்கிறது. எர்த்தைத் தனியாகவும் பாருங்கள்: ஹீட்டர் ஓடும்போது சிவப்பு முனை பாயின் எர்த் வயரில், கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில். 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, தேய்த்துச் சுத்தம் செய்து இறுக்குங்கள்.

பாயின் தடை

இக்னிஷனை அணைத்து, ஹீட்டர் கனெக்டரைப் பிரித்து, சீட் பக்கத்து முனைகளில் ஓம் அளவிடுங்கள். முதலில் மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பாருங்கள், 0.3 ஓம் காட்டினால் அதை ஒவ்வொரு அளவிலிருந்தும் கழித்துக்கொள்ள வேண்டும். 2 ஓம் அளவில் இது சின்ன விஷயமில்லை.

சரியான அளவு என்ன என்பதைக் கையேடு சொல்லும். அது இல்லாவிட்டால், நன்றாக வேலை செய்யும் பக்கத்துச் சீட்டே உங்கள் கையேடு. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். எல்லையற்ற தடை என்றால் அறுந்திருக்கிறது. பக்கத்துச் சீட்டைவிட மிக அதிகம் என்றால் சில இழைகள் போயிருக்கின்றன. மிகக் குறைவு என்றால் உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொடுகின்றன. மீட்டரை வைத்தபடியே குஷனின் ஓரங்களை முஷ்டியால் அழுத்திப் பாருங்கள். அளவு குதித்தால் அங்கேதான் விரிசல். பாயின் முனைக்கும் சீட்டின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே தொடர்ச்சி இருக்கவே கூடாது.

தெர்மிஸ்டர் கிலோ ஓம் கணக்கில் காட்டும். அதன் மேலுள்ள இடத்தைக் கையால் அழுத்தி வெதுவெதுப்பாக்கினால் அளவு சீராக இறங்க வேண்டும். அசையாமல் நின்றாலோ திறந்த சர்க்யூட் காட்டினாலோ அது போய்விட்டது. பைமெட்டல் தெர்மோஸ்டாட் பாயோடு தொடராக இருப்பதால், ‘பாய் அறுந்துவிட்டது’ என்று மீட்டர் சொல்வது சில நேரம் தெர்மோஸ்டாட்டின் கோளாறாக இருக்கும். உறையைப் பிரித்ததும் அதை முதலில் சோதியுங்கள். சாதாரண அறை வெப்பத்தில் அது மூடியிருக்க வேண்டும்.

உறையைப் பிரிப்பது

சீட்டை வெளியே எடுத்து, விரிப்பின் மீது கவிழ்த்து வையுங்கள். உறையின் ஓரங்கள் பெரும்பாலும் கொக்கி போன்ற பிளாஸ்டிக் பட்டையால் சட்டத்தில் மாட்டப்பட்டிருக்கும். நடுப்பள்ளங்களில் உறையை ஃபோமோடு இழுத்துப் பிடிப்பவை இரும்பு வளையங்கள். அவற்றைக் கட்டரால் வெட்டி எடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஃபோனில் படம் எடுங்கள். உறையை ஒரேயடியாக இழுக்க வேண்டாம். சில சீட்டுகளில் பாய் ஃபோமில் ஒட்டியிருக்கும், சிலவற்றில் உறையிலேயே ஒட்டியிருக்கும். கோளாறில்லாத பாயையும் கிழித்துவிடுவது இந்த இடத்தில்தான்.

பாய் தெரிந்ததும் அறுந்த இடத்தைக் கண்ணே காட்டிக் கொடுக்கலாம். ஓட்டுநர் ஏறி இறங்கும் பக்கத்து ஓரம், வளையங்கள் இழுக்கும் பள்ளம், தடைக்கம்பி சாதாரண வயரோடு சேரும் இணைப்பு, இவைதான் வழக்கமான இடங்கள். பட்டாணி அளவில் பழுப்பேறிய வட்டம், நடுவில் கறுத்த புள்ளி, கம்பியின் முனை லேசாக உருண்டு திரண்டிருக்கும். சீட் மேல் முழங்காலை ஊன்றிப் பின்னால் எட்டி ஏதாவது எடுக்கும் பழக்கம் இந்தச் சேதத்துக்குப் பெரிய காரணம்.

கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், காருக்கு வெளியே ஒரு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 10 ஆம்ப் ஃபியூஸ் வழியாகப் பாயின் இரு முனைகளுக்கும் மின்சாரம் கொடுங்கள். மீட்டரின் கறுப்பு முனை நெகட்டிவில் இருக்கட்டும். சிவப்பு முனையில் ஒரு ஊசியைக் கட்டி, பாசிட்டிவ் பக்கத்திலிருந்து கம்பியின் பாதையில் அங்கங்கே குத்திக்கொண்டே போங்கள். 12, 12, 12 என்று காட்டிக்கொண்டே வந்து திடீரென்று 0 ஆகும். அந்த இரண்டு குத்தலுக்கும் நடுவில்தான் அறுப்பு. ஒற்றைக் கம்பி ஓடும் பாய்களுக்கு இது பிசகாத முறை. பல இழைப் பாய் என்றால் மின்சாரம் கொடுத்துச் சில நிமிடம் கழித்து உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். குளிர்ந்த பட்டை எங்கே தொடங்குகிறதோ அங்கே தேடுங்கள்.

ஒட்டுப் போடலாமா, மாற்ற வேண்டுமா

என் கணக்கு இது: ஒரே ஒரு அறுப்பு, அதுவும் ஓரத்தில், சுற்றிலும் கருகல் இல்லை என்றால் ஒட்டுப் போடுங்கள். இரண்டு மூன்று இடத்தில் அறுந்திருந்தாலோ, ஃபோம் கருகியிருந்தாலோ, பல இழைகள் போயிருந்தாலோ பாயை மாற்றுங்கள். ஒட்டு மேல் ஒட்டுப் போட்ட பாய் மீண்டும் சீட்டைப் பிரிக்க வைக்கும்.

ஒட்டுப் போட சாலிடர் வேண்டாம். தடைக்கம்பியில் சாலிடர் சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும் அந்த இடம் விறைத்து, அதன் ஓரத்திலேயே மறுபடி அறும். கார்பன் இழைக்கு சாலிடரே ஆகாது. கம்பியின் இரு முனைகளையும் சுத்தம் செய்யுங்கள். எனாமல் பூச்சு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் பளபளக்கும் வரை சுரண்ட வேண்டும். வெப்பச் சுருக்குக் குழாயை முதலில் ஒரு பக்கம் மாட்டிவிடுங்கள் (கிரிம்ப் செய்த பிறகு அது ஏறாது). இரு முனைகளையும் ஒரு சின்ன உலோகக் குழலுக்குள் எதிரெதிராகச் செருகி, ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, கிரிம்ப் பிளையரால் நன்றாக நசுக்குங்கள். இழுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் குழாயைச் சுருக்கி, மேலே துணி டேப் ஒட்டுங்கள். கம்பி விறைப்பாக இருக்கக் கூடாது, சிறிது தளர்வு வேண்டும்.

கம்பி எட்டவில்லை என்பதற்காக ஒரு வளைவைத் தாண்டிக் குறுக்கே இணைத்துவிடாதீர்கள். நீளம் குறைந்தால் தடை குறையும், மின்சாரம் கூடும், சீட் வழக்கத்தைவிடச் சூடாகும். அதேபோல தெர்மோஸ்டாட்டையோ தெர்மிஸ்டரையோ விட்டுவிட்டு நேரடி இணைப்புக் கொடுப்பது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

மாற்றுவது என்றால் அந்த மாடலுக்கான பாயே நல்லது. கிடைக்காவிட்டால் எல்லாக் காருக்கும் பொருந்தும் கார்பன் பாய்கள் தனி சுவிட்ச், ரிலே, ஃபியூஸோடு வருகின்றன. அவற்றை அந்தத் தனி வயரிங்கோடு சேர்த்தே பொருத்துங்கள், இக்னிஷனோடு அணையும் சப்ளையிலிருந்து. காரின் சொந்த மாட்யூலோடு இணைக்க நினைத்தால் பாயின் தடையும் தெர்மிஸ்டரும் பொருந்தியாக வேண்டும். பொருந்தாவிட்டால் மாட்யூல் அதைக் கோளாறாகவே எடுத்துக்கொள்ளும். பாயை எங்கே வெட்டலாம் என்று தயாரிப்பாளர் குறித்த இடம் தவிர வேறெங்கும் கத்தரி படக் கூடாது. ஒட்டும்போது ஒரு சுருக்கம்கூட இல்லாமல் நீவி விடுங்கள். மடிந்த இடத்தில்தான் சூடு குவியும்.

பாய், சப்ளை, எர்த், தெர்மிஸ்டர் எல்லாம் நன்றாக இருந்தும் சீட் சூடாகவில்லை என்றால் மட்டுமே மாட்யூலைத் திறக்க வேண்டும். பழைய மாட்யூல்களில் சர்க்யூட் பலகையின் சாலிடர் இணைப்பு வட்டமாக விரிசல் விட்டிருக்கும். பூதக்கண்ணாடியில் தெரியும். இங்கே மட்டும் சாலிடர் சரியான மருந்து.

திரும்பப் பூட்டிய பிறகு

உறையை இழுத்து மாட்டும் முன்பே ஒருமுறை மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். பிறகு புது வளையங்கள் போடுங்கள். வளையப் பிளையர் இல்லாவிட்டால் பிளாஸ்டிக் கேபிள் டை போதும், ஆனால் வெட்டிய கூர்முனை மேலே பார்க்காமல் இருக்கட்டும். வளையம் எதுவும் தடைக்கம்பியைத் துளைக்கவில்லை என்று உறுதி செய்ய, மாட்டி முடித்ததும் மீண்டும் ஓம் அளவும், சட்டத்தோடு தொடர்ச்சி இல்லை என்பதையும் பாருங்கள். சீட் போல்ட்டுகள் விபத்தில் உங்களைப் பிடித்து வைப்பவை. கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். எல்லாக் கனெக்டரும் பூட்டிய பிறகே பேட்டரி. பயணி சீட்டில் ஆள் இருப்பதை அறியும் சென்சார் இருந்தால், சில கார்களில் அதை ஸ்கேனரால் மறுபடி அளவமைக்க வேண்டியிருக்கும்.

கடைசிச் சோதனை எஞ்சின் ஓடும்போது, முழு அளவில், கால் மணி நேரம், நீங்கள் பக்கத்திலேயே இருந்து. கையால் எல்லா இடமும் தடவுங்கள். சூடு சீராகப் பரவி, ஒரு கட்டத்தில் தானே குறைய வேண்டும். குறையாமல் ஏறிக்கொண்டே போனால் உடனே அணைத்துவிட்டு தெர்மோஸ்டாட் பக்கம் திரும்புங்கள். நீரிழிவால் உணர்ச்சி மங்கியவர்களோ, இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர்களோ உட்காரும் சீட் என்றால் பழுது பார்த்த பாயை முழு அளவில் விடவே வேண்டாம். தோல் வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. டிசி கிளாம்ப் மீட்டர் இருந்தால் சீட் இழுக்கும் ஆம்ப் அளவையும் பார்த்து, தேதியோடு ஒரு டேப்பில் எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். அடுத்த குளிர்காலத்தில் அந்த எண் இறங்கியிருந்தால் எங்கோ இழை அறுந்திருக்கிறது, அல்லது கனெக்டரில் தடை ஏறியிருக்கிறது என்று பொருள்.